இருபத்து நான்கு பந்துகளின் கணக்கு

“பேட்ஸ்மேனைக் கொடுத்துப் பவுலரை வாங்காதே.” ஃபேன்டசி கிரிக்கெட் ஆடுகிற எந்தக் கூட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஒடுகத்தூரில் நாங்கள் எட்டுப் பேர் நடத்தும் லீக்கிலும் இதுதான் சட்டம். எட்டில் ஐந்து பேர் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போய்வருகிறவர்கள். ஒருவர் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் பார்ப்பவர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது தொடங்கும் பேச்சு, இரவு ஆட்டத்தின் கடைசிப் பந்து வரை ஓயாது. அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த ஒரு சட்டத்தில் வந்து நிற்கும். அது தவறு என்று நான் நினைக்கிறேன். ஏன் தவறு என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஆட்டத்தின் விதி எளிது. ஐபிஎல் தொடங்கும் முன் ஏலம். ஆளுக்குப் பதினான்கு வீரர்கள். ஒவ்வொரு வாரமும் பதினொரு பேரைக் களத்தில் வைக்க வேண்டும், அதில் குறைந்தது நான்கு பவுலர்கள். மிச்ச மூவர் பெஞ்சு. அவர்களுக்குப் புள்ளி இல்லை. திங்கட்கிழமை இரவுவரை யாரும் யாருடனும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இதை டிரேடு என்கிறோம். காசு கிடையாது.

புள்ளி அட்டவணை பெரிய செயலிகள் பல வருடம் வைத்திருந்ததை ஒட்டியது. ஒரு ரன்னுக்கு 1. நாலு அடித்தால் கூடுதலாக 1, ஆறு அடித்தால் கூடுதலாக 2. அரைசதத்துக்கு 8, சதத்துக்கு 16. பவுலருக்கு ஒரு விக்கெட் 25. அது போல்டாகவோ எல்பிடபிள்யூவாகவோ இருந்தால் மேலும் 8. எகானமி, அதாவது ஓவருக்குக் கொடுத்த ரன், 5-க்குக் கீழே இருந்தால் 6 புள்ளி, 6-க்குக் கீழே 4, 7-க்குள் 2. பத்தைத் தாண்டினால் 2 கழியும், பன்னிரண்டைத் தாண்டினால் 6 கழியும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு தோற்பது இந்த அட்டவணையில்தான்.

அவர்கள் வாதத்தை அவர்கள் சொல்கிறபடியே முதலில் வைக்கிறேன். பேட்ஸ்மேன்தான் புள்ளி மலை. 2025-இல் சாய் சுதர்சன் 15 ஆட்டத்தில் 759 ரன் எடுத்தார், 88 நாலு, 21 ஆறு, ஒரு சதம், ஆறு அரைசதம். எங்கள் அட்டவணைப்படி ஏறக்குறைய 950 புள்ளி. அதே வருடம் அதிக விக்கெட் எடுத்த பிரசித் கிருஷ்ணாவுக்கு 25 விக்கெட், 625 புள்ளி. போனஸ் சேர்த்தாலும் சாய் சுதர்சனின் கிட்டே வர முடியாது. இது ஒன்று. விக்கெட் என்பது அதிர்ஷ்டம், கேட்ச் பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை; இது இரண்டு. பவுலர் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ரன் கொடுக்காத பவுலரை எடு, இது மூன்று. யார் நல்ல பவுலர் என்பதை இதுவரை எடுத்த விக்கெட்டே சொல்லும், இது நான்கு. டிரேடில் இரண்டு பேர் கிடைத்தால் லாபம், இது ஐந்து.

முதல் வாதத்தில் உள்ள கூட்டல் சரி. மறுக்கவில்லை. 950 என்பது 625-ஐ விடப் பெரியது. ஆனால் அந்தக் கூட்டலிலிருந்து அவர்கள் வந்து சேரும் இடம் தவறு.

1. சாய் சுதர்சனை யார் டிரேடுக்கு வைக்கிறார்கள்? யாரும் இல்லை. உச்சியில் இருக்கும் ஐந்தாறு பேர் ஏலத்தில் ஒருவர் கைக்குப் போனால் சீசன் முடியும்வரை அங்கேயே இருப்பார்கள். கைமாறுவது நடுவில் இருப்பவர்கள். ஆறாம் இடத்தில் இறங்கும் பேட்ஸ்மேனைக் கொடுக்கலாமா, நான்கு ஓவர் முழுதாக வீசும் பவுலரை வாங்கலாமா என்பதுதான் உண்மையில் எழும் கேள்வி. மலையின் உச்சியைக் காட்டி அடிவாரத்து நிலத்துக்கு விலை சொல்கிறார்கள்.

அடிவாரத்தைப் பார்ப்போம். 2024-இல் ரிங்கு சிங் பெயருக்கு எவ்வளவு மவுசு இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கொல்கத்தா கோப்பையை வென்ற வருடம். அந்த சீசன் முழுவதும் அவர் எடுத்தது 168 ரன். நாலு, ஆறு போனஸ் எல்லாம் சேர்த்தாலும் 200-ஐச் சுற்றித்தான் வரும். அதே வருடம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஐதராபாத்துக்காக 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார். விக்கெட்டுக்கு மட்டும் 475 புள்ளி. இரண்டு மடங்குக்கும் மேல்.

ரிங்கு சிங் திறமை குறைந்தவரா? இல்லவே இல்லை. கொல்கத்தாவின் முன்வரிசை அந்த வருடம் அவ்வளவு நன்றாக ஆடியது. அவர் இறங்க வேண்டிய தேவை பல நாள் வரவில்லை, வந்த நாளிலும் சில பந்துகளே மிஞ்சின. பேட்ஸ்மேனின் வாய்ப்பு அவருக்கு முன்னால் இறங்குபவர்கள் கையில் இருக்கிறது. அணி நன்றாக ஆடினால் பின்வரிசைக்காரருக்குப் பட்டினி. பவுலருக்கு அப்படி இல்லை. அணி ஜெயித்தாலும் தோற்றாலும், தொடக்கத்தில் விக்கெட் விழுந்தாலும் விழாவிட்டாலும், முதன்மைப் பவுலருக்கு 24 பந்து கையில் வரும். களத்தில் இறங்கினாலும் பேட்ஸ்மேனுக்கு உறுதியானது ஒரே ஒரு பந்துதான். அதில் அவுட்டானால் அன்றைய கணக்கு முடிந்தது.

இதோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் எட்டுப் பேருக்கும் குறைந்தது 32 பவுலர் வேண்டும். ஐபிஎல்லில் பத்து அணி. ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்கு ஓவரையும் தவறாமல் வீசி முடிப்பவர் ஒரு அணியில் இருவர், மிஞ்சினால் மூவர். ஆக 20-இலிருந்து 30 பேர். தேவை 32. முதல் நான்கு இடத்தில் இறங்கும் பேட்ஸ்மேன்களோ 40 பேர் இருக்கிறார்கள். 2025-இல் 500 ரன்னைக் கடந்த பேட்ஸ்மேன்கள் பத்துப் பேருக்கு மேல். 20 விக்கெட்டைத் தொட்டவர்கள் ஐந்தே பேர்: பிரசித் கிருஷ்ணா 25, நூர் அகமது 24, ஹேசல்வுட் 22, போல்ட் 22, அர்ஷ்தீப் சிங் 21. எது கிடைக்காதோ அதற்குத்தான் விலை. சந்தைக்குப் போய் வந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

2. விக்கெட் அதிர்ஷ்டம் என்றால், ஏன் அது ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப வருகிறது? பும்ரா 2021-இல் 14 ஆட்டத்தில் 21 விக்கெட். 2024-இல் 13 ஆட்டத்தில் 20. 2025-இல் 12 ஆட்டத்தில் 18. ஆட்டத்துக்கு ஒன்றரை, ஒன்றரை, மறுபடியும் ஒன்றரை. நடுவில் 2022-இல் 14 ஆட்டத்தில் 15 என்று இறங்கியது, அதையும் மறைக்கவில்லை. இறங்கிய வருடத்திலும் ஆட்டத்துக்கு ஒன்றுக்குக் குறையவில்லை. இப்படி ஒரு லாட்டரிச் சீட்டு உலகத்தில் இல்லை.

ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் உண்டு. எல்லைக்கோட்டில் ஒருவர் கேட்சை நழுவவிட்டால் பவுலருக்கு 25 போய்விடுகிறது, அது அவர் குற்றமில்லை. ஆனால் இங்கேதான் எதிர்த்தரப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. எது பவுலர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியது அடுத்த வேலை. அதைச் செய்யாமல் மொத்தத்தையும் அதிர்ஷ்டம் என்று மூட்டை கட்டுகிறார்கள்.

இந்தப் பிரிவினையை நமக்கு முன்பே செய்துவிட்டவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். கற்பனை அணி ஆட்டத்தை இன்றைய வடிவில் பரப்பியது 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய லீக்தான். அங்கே பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவரை அளக்க அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல், அவர் பெயரில் எழுதப்படும் வெற்றிகளின் எண்ணிக்கை. தன் அணி ரன் எடுக்காவிட்டால் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் அவருக்கு வெற்றி கிடையாது. 2018-இல் ஜேக்கப் டிகிராம் பத்து வெற்றி, ஒன்பது தோல்வி என்ற சாதாரணக் கணக்கோடு சீசனை முடித்தார். ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.70. அந்த வருடம் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே போனது. அதற்கும் முன்னால், 2001-இல் வோரோஸ் மெக்கிராக்கன் ஒரு கருத்தை வைத்தார்: அடிக்கப்பட்டுக் களத்துக்குள் விழும் பந்து என்ன ஆகிறது என்பதில் பிட்சரின் பங்கு மிகக் குறைவு, அடிக்கவே விடாமல் வெளியேற்றுவதும், பந்தை வீணாக்காமல் இருப்பதும், ஹோம் ரன் விடாமல் இருப்பதும்தான் அவர் கையில் இருப்பவை. பலத்த எதிர்ப்பு வந்தது. ஆனால் பிட்சரைப் பார்க்கும் விதமே அதற்குப் பிறகு மாறியது. புள்ளி லீக்கில் ஆடும் அமெரிக்கர் இன்று பிட்சரை வாங்கும்போது வெற்றியைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை இன்னிங்ஸ் எறிவார் என்று கேட்கிறார்.

நம் பவுலர் கையில் இருப்பது என்ன? எத்தனை ஓவர், எந்த ஓவர், ஸ்டம்புக்கு நேராக எவ்வளவு வீசுகிறார். மூன்றாவது முக்கியம். போல்டுக்கும் எல்பிடபிள்யூவுக்கும் ஃபீல்டர் தயவு வேண்டியதில்லை. மேலே 8 புள்ளி வேறு. யார்க்கர் போடுபவரும், வெளியே திருப்பாமல் நேராக உள்ளே விடும் சுழல்பந்து வீச்சாளரும் நம் அட்டவணையில் கூடுதல் விலை பெற வேண்டும். எங்கள் ஏலத்தில் இதைக் கேட்டு விலை ஏற்றியவர் ஒருவரும் இல்லை.

3. எகானமி நல்ல பவுலரின் அடையாளம். நல்ல புள்ளிக்கு அது அடையாளம் இல்லை. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் எங்கள் லீக்கில் அதிகப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

அட்டவணைக்குத் திரும்புங்கள். ஒரு விக்கெட் 25. மிகச் சிறந்த எகானமிக்கு 6. நான்கு ஆட்டம் தொடர்ந்து ஓவருக்கு ஐந்து ரன்னுக்குக் கீழே கொடுத்தால்தான் 24 வரும். ஒரே ஒரு விக்கெட்டை அப்போதும் எட்டவில்லை. டி20-யில் அப்படி நான்கு ஆட்டம் வீசுவது யாருக்கு முடியும்?

நடு ஓவரில் வீசும் ஒரு சுழல்பந்து வீச்சாளர் நான்கு ஓவரில் 24 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் முடிக்கிறார் என்று வையுங்கள். வர்ணனையாளர் பாராட்டுவார். அவர் அணித்தலைவர் முதுகில் தட்டிக்கொடுப்பார். நமக்கு வருவது 2 புள்ளி. இன்னொருவர் பதினெட்டாவதும் இருபதாவதும் வீசி, நான்கு ஓவரில் 38 கொடுத்து இரண்டு விக்கெட் எடுக்கிறார். அடி வாங்கிய மாதிரிதான் தெரியும். நமக்கு 50 புள்ளி, 9.5 என்ற எகானமிக்குக் கழிப்பும் கிடையாது, கழிப்பு பத்தைத் தாண்டித்தான்.

2024-ஐ எடுங்கள். ஹர்ஷல் படேல் 14 ஆட்டத்தில் 24 விக்கெட், எகானமி 9.73. பும்ரா 13 ஆட்டத்தில் 20 விக்கெட், எகானமி 6.48. என் அணிக்கு நாளைக்கே ஒரு பவுலரைக் கேட்டால் பும்ராவைத்தான் கேட்பேன், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த வருடம் விக்கெட் புள்ளி ஹர்ஷலுக்கு 600, பும்ராவுக்கு 500. பும்ரா எகானமி போனஸால் கொஞ்சம் மீட்டுக்கொள்வார். அப்படியும் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விலை. எங்கள் ஏலத்தில் அவர்கள் போன விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஒருவருக்கு எட்டுப் பேரும் கை தூக்கினார்கள், மற்றவரை, “அவனா? அடி வாங்குவாம்பா” என்று விட்டுவிட்டார்கள். பதனிட்ட தோல் சதுர அடியில் விலை போகிறது. அதைத் தராசில் வைத்து விலை சொன்னால் ஆம்பூரில் ஒரு நாள் வியாபாரம் செய்ய முடியாது. எங்கள் நண்பர்கள் செய்வது அதுதான். பொருளை நன்றாகவே பார்க்கிறார்கள், அளவுகோல் வேறு பொருளுடையது.

விக்கெட் எங்கே விழுகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. முதல் ஆறு ஓவரில் பந்து புதிது, வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்; பேட்ஸ்மேன் தூக்கி அடிக்கிறார், பந்து ஸ்விங் ஆகிறது. கடைசி நான்கு ஓவரில் ஒவ்வொரு பந்தையும் அடித்தே ஆகவேண்டும். எல்லைக்கோட்டில் கேட்ச் விழுகிறது. நடுவில் ஒரு ரன், இரண்டு ரன் என்று ஓடுகிறார்கள். நூர் அகமது, வருண் சக்கரவர்த்தி மாதிரி நடுவிலும் விக்கெட் எடுப்பவர்கள் உண்டு, அவர்கள் அபூர்வம். ஆகவே பவுலரின் பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி, டெத் ஓவர், அதாவது இந்தக் கடைசி ஓவர்களை, வீசுவாரா என்பதாக இருக்க வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு. அணிக்குள் வேறொரு டெத் பவுலர் காயம் ஆறி வந்தால், உங்கள் ஆளின் இருபதாவது ஓவர் கைமாறிவிடும். ஓவர் முதலில் மாறும்; விக்கெட் குறைவது இரண்டு வாரம் கழித்துத்தான் பட்டியலில் தெரியும். பட்டியலை மட்டும் பார்ப்பவர் அந்த இரண்டு வாரமும் ஏமாறுவார். அவரிடம் விற்க அதுதான் நேரம்.

4. போன வருட விக்கெட்டுக்கு இந்த வருடம் புள்ளி கிடையாது. நடராஜனையே மறுபடி எடுக்கிறேன், எனக்குப் பிடித்த பவுலர் என்பதால் வருத்தத்தோடுதான். 2024-இன் 19 விக்கெட்டைப் பார்த்து டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு ஏலம் எடுத்தது. 2025-இல் அவர் களம் இறங்கியது இரண்டே ஆட்டம். விக்கெட் இல்லை. கோடி கோடியாகக் கொட்டி ஆய்வாளர்களை வைத்திருக்கும் அணிக்கே இது நடந்தது. எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் ஐந்து வாரம் பெஞ்சிலேயே வைத்துக் காத்திருந்தார், “வருவாண்ணா, வந்தா எடுப்பான்” என்று. எடுப்பார்தான். ஆனால் வர வேண்டுமே. கைக்குப் பந்து வராத பவுலரின் திறமைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2024 ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க்கை கொல்கத்தா 24.75 கோடிக்கு எடுத்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் எட்டு ஓவர், நூறு ரன், விக்கெட் இல்லை. நாடே கைகொட்டிச் சிரித்தது. ஆனால் அணி அவரிடமிருந்து ஓவரைப் பறிக்கவில்லை. புதுப் பந்தும் அவர் கையில்தான், கடைசி ஓவரும் அவர் கையில்தான். சீசன் முடிவில் 17 விக்கெட். முதல் தகுதிச் சுற்றில் மூன்று, சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இரண்டு. அந்த இரண்டாவது ஆட்டம் முடிந்த திங்கட்கிழமையில் அவரை வாங்கியவருக்கு மலிவாகக் கிடைத்திருக்கும். வருண் சக்கரவர்த்தி 2019-இல் 8.4 கோடிக்குப் பஞ்சாப் அணிக்குப் போய், தன் முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார், அந்த வருடம் ஆடியது ஒரே ஆட்டம். அடுத்த வருடம் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 13 ஆட்டத்தில் 17 விக்கெட்.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் வாங்க வருபவர் ஆட்டின் இடுப்பில் கை வைத்து எலும்பைத் தடவிப் பார்ப்பார், பல்லைப் பிரித்துப் பார்ப்பார். இதோட அம்மா போன வருஷம் என்ன விலைக்குப் போச்சு என்று கேட்க மாட்டார். இப்போது கையில் இருக்கும் சதை எவ்வளவு, இன்னும் எவ்வளவு ஏறும், இதுதான் கேள்வி. அதே மனிதர் மாலையில் லீக் ஏலத்துக்கு வந்தால், அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி போன வருடம் யாருக்கு என்று கேட்கிறார்.

5. இரண்டு கொடுத்து ஒன்று வாங்கினால் நஷ்டம் என்பது கூட்டல் தெரிந்து கழித்தல் தெரியாதவர் வாதம். என்னிடம் ஆட்டத்துக்கு 40 புள்ளி எடுக்கும் பவுலர் இருக்கிறார். நீங்கள் 30 எடுக்கும் ஒரு பேட்ஸ்மேனையும் 25 எடுக்கும் ஒரு பவுலரையும் தருகிறீர்கள். 55-க்கு 40, எனக்கு 15 லாபம் என்று சொல்வீர்கள். ஆனால் களத்தில் இருக்கை பதினொன்றுதான். இரண்டு பேரை உட்கார வைக்க நான் இன்னொருவரை எழுப்ப வேண்டும். அவர் 20 எடுப்பவர் என்றால், டிரேடுக்கு முன்னால் அந்த இரண்டு இருக்கையிலிருந்து எனக்கு வந்தது 40-உம் 20-உம், ஆக 60. பின்னால் வருவது 55. ஆட்டத்துக்கு 5 நஷ்டம். பதினான்கு ஆட்டத்துக்கு 70. இதை நான் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய பிறகும், “இருந்தாலும் ரெண்டு பேருண்ணா” என்று சொன்னவர் உண்டு.

இந்த இடத்தில் 2025 நவம்பரில் நடந்ததை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சஞ்சு சாம்சனை வாங்க சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. “சிஎஸ்கேவே பந்து போடுற ரெண்டு பேரைக் குடுத்து ஒரு பேட்ஸ்மேனை வாங்கிச்சு, நீ என்ன பேசுற?” சென்னை அணி புள்ளி லீக் ஆடவில்லை. தோனிக்குப் பிறகு யார் கீப்பர், யார் முகம், அடுத்த ஐந்து வருடத்தை யாரை வைத்துக் கட்டுவது என்பது அவர்கள் கவலை. அவர்களிடம் சம்பள வரம்பு இருக்கிறது. சாம்சன் 18 கோடி, ஜடேஜா 14 கோடிக்கு இறங்கிப் போனார், கரன் 2.4 கோடி. எங்களுக்கு இந்த ஒன்றுமே இல்லை. மே மாதக் கடைசியில் எங்கள் லீக் முடிந்துவிடும், அடுத்த வருடம் எல்லோரும் மறுபடி ஏலத்துக்கு வருவார்கள். அந்த டிரேடைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ஆனால் நம் சர்ச்சையில் அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது.

6. இனி, அவர்கள் ஐந்து வாதத்திலும் வராதவை. மிச்சமிருக்கும் ஆட்டத்தை எண்ணாமல் டிரேடு செய்பவர் பாதிப் பொருளுக்கு முழுப்பணம் கொடுக்கிறார். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். பிறகு நான்கு அணிகள் மட்டும் தொடரும். 2025-இல் சென்னை கடைசி இடத்தில் முடிந்தது. நூர் அகமதின் கணக்கு 14 ஆட்டத்தோடு நின்றது. பஞ்சாப் இறுதிவரை போனது. அர்ஷ்தீப் 17 ஆட்டத்தின் பட்டியலில் இருந்தார். மே முதல் வாரத்தில் இந்த இருவரையும் எடை போட்டால், ஆட்டத்துக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் நூர்தான் மேல். இன்னும் எத்தனை ஆட்டம் என்று பார்த்தால் விலை தலைகீழாகும்.

அந்த மே மாதம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. எல்லைப் பதற்றத்தால் 9-ஆம் தேதி போட்டிகள் நிறுத்தப்பட்டு 17-ஆம் தேதி மறுபடி தொடங்கின. டெல்லியின் ஸ்டார்க் திரும்பவில்லை. பெங்களூரின் ஹேசல்வுட் தோள் வலியோடு ஊருக்குப் போனவர், தகுதிச் சுற்றுக்கு வந்து மூன்று விக்கெட் எடுத்தார். பெங்களூர் முதல்முறையாகக் கோப்பை வென்றது. வெளிநாட்டுப் பவுலருக்குச் சொந்த நாட்டு அட்டவணை என்று ஒன்று எப்போதும் பின்னால் நிற்கிறது. அதைப் பார்க்காமல் ஏப்ரல் புள்ளியை மட்டும் பார்த்து மே மாத டிரேடைச் செய்யக்கூடாது. பும்ராவும் அந்த வருடம் முதுகுக் காயத்தால் முதல் நான்கு ஆட்டம் ஆடவில்லை, ஏப்ரல் 7-ஆம் தேதிதான் வந்தார். எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் மார்ச் மாதக் கடைசியில் பொறுமையிழந்து, இரண்டு அரைசதம் அடித்திருந்த ஒரு பேட்ஸ்மேனுக்கு மாற்றிவிட்டார். வாங்கியவர் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்ப்பவர். ஈரம் காயாத தோலைப் பார்த்தே காய்ந்த பிறகு எப்படி வரும் என்று சொல்கிறவர் அவர்.

7. ஆல்ரவுண்டரைப் பற்றிச் சுருக்கமாக. “ரெண்டு பக்கமும் புள்ளி வரும்” என்பது 2023-க்கு முன்னால் சரி. இம்பாக்ட் வீரர் விதி வந்த பிறகு பேட்டிங் முடிந்ததும் ஒருவரை எடுத்துவிட்டு முழுநேரப் பவுலரை இறக்க முடிகிறது. பகுதிநேரம் வீசுகிறவருக்கு ஓவர் கிடைப்பதில்லை. ஷிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் பெயரைச் சொல்லியே ரோகித் சர்மா இந்த விதியைக் குறை சொன்னார். சுனில் நரைன் மாதிரி தொடக்க ஆட்டக்காரராக இறங்கி நான்கு ஓவரும் வீசுபவர் இருந்தால், 2024-இல் 488 ரன், 17 விக்கெட், என்ன விலையும் கொடுங்கள். பெயரில் மட்டும் ஆல்ரவுண்டராக இருப்பவருக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு வாதம் வரும், எல்லா வாதமும் தீர்ந்த பிறகு வருவது. “காசா பணமா? சும்மா விளையாட்டுக்கு எதுக்குண்ணா இவ்ளோ கணக்கு?” இதற்கு நான் கோபத்தோடுதான் பதில் சொல்வேன். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை, சம்பளம் ஏறிய அன்று இரவே அதில் பாதியைச் செயலியில் தொலைத்தவர்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் அத்தனை பேரும் சொன்னது இதே இரண்டு வாக்கியம்: பவுலர் லாட்டரி, இன்றைக்கு விழாவிட்டால் நாளைக்கு விழும். கணக்கு இல்லை என்று நம்பியவன்தான் மறுபடி மறுபடி பணம் போட்டான். தனி ஆட்டத்தில் அதிர்ஷ்டம் பெரிது என்பதையும், சீசன் முழுக்க நடக்கும் லீக்கில்தான் கணக்குக்கு இடம் கிடைக்கும் என்பதையும் அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. காசு போன பிறகு இந்த ஆட்டத்தில் மிச்சமிருப்பது கணக்கு மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் பஸ்ஸில் பேச என்ன இருக்கிறது?

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். கேப்டன் இடம் பேட்ஸ்மேனுக்குத்தான். கேப்டனின் புள்ளி இரட்டிப்பாவதால் அங்கே உச்சி எவ்வளவு உயரம் என்பதே கேள்வி. தொடக்க ஆட்டக்காரர் ஒரு சீசனில் ஐந்தாறு முறை எழுபது எண்பது புள்ளியைத் தொடுவார். பவுலர் அதைத் தொட மூன்று விக்கெட் வேண்டும், அது அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே என் அணியிலும் கேப்டன் ஒரு தொடக்க ஆட்டக்காரர். மிச்சம் பத்து இருக்கையில் ஆறு பவுலர்கள். அவர்கள் பெயருக்கு எதிரே என் நோட்டில் நான்கு பத்தி கிழித்திருக்கிறேன்: எத்தனை ஓவர், எந்த ஓவர், எத்தனை ஆட்டம் மிச்சம், ஸ்டம்புக்கு எத்தனை. இதுவரை எடுத்த விக்கெட்டை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன், மற்ற ஏழு பேரும் டிரேடு பேச வரும்போது அதைத்தான் கேட்பார்கள் என்பதால்.